அச்சகத்துக்குப் பைல் கொண்டு போகிறீர்களா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம்மில் பலரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. வீட்டில் ஏதாவது விசேஷம் என்றால், "எல்லாம் நானே டிசைன் செய்து தருகிறேன், அச்சகத்தில் கொடுத்து பிரிண்ட் மட்டும் போட்டால் போதும்" என்று முன்வந்துவிடுவோம். நானும் அப்படித்தான் முன்வந்தேன். என் விஷயத்தில் அது அழைப்பிதழ் அல்ல, புத்தகம்.

என் தாத்தா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அவருடைய 80-வது பிறந்த நாளுக்கு, ஊரைப் பற்றி அவர் பல வருடங்களாக நோட்டுகளில் எழுதி வைத்திருந்த கட்டுரைகளைச் சின்னப் புத்தகமாகப் போட்டு, வருகிறவர்களுக்குக் கொடுப்பது என்று வீட்டில் முடிவானது. 300 பிரதிகள். தாத்தா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். "எழுத்து பெரிசா இருக்கணும்ப்பா. வர்றவங்க எல்லாம் எழுபது தாண்டினவங்க."

அதனால் வேர்ட் தொகுப்பில் 14 பாயிண்ட் அளவில் அடித்தேன். மொத்தம் 64 பக்கங்கள். பிடிஎப் பைலாக மாற்றிப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். உரிமையாளர் மிகவும் நல்லவர். இரண்டே கேள்விகள் கேட்டார்.

"டெமி சைஸ்லயே போட்டுடலாமா தம்பி?"

"போட்டுடலாம்ண்ணே."

"பேப்பர்?"

"நல்ல பேப்பரா போடுங்கண்ணே."

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் புரூப் வந்தது. அலுவலகத்தில் மீட்டிங்கில் இருந்தேன். போனிலேயே திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத் தெரிந்தது. கட்டை விரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு மீட்டிங்கைத் தொடர்ந்தேன்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு பார்சல் வந்தது. தாத்தா ஒரு புத்தகத்தைத் திறந்தார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். பிறகு மேஜை டிராயரிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். எழுத்து பத்திரிகைகளில் வரும் வரி விளம்பரம் போல இருந்தது. போதாததற்குப் பளபளக்கும் காகிதம். டியூப் லைட் வெளிச்சம் பட்டு, புத்தகத்தைச் சாய்த்துச் சாய்த்துத்தான் படிக்க முடிந்தது.

அச்சகத்தின் மேல் தவறே இல்லை. அவர் கேட்டதும் தமிழ்தான், நான் சொன்னதும் தமிழ்தான். ஆனால் அவருடைய சொற்களுக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் இல்லை. அந்தச் சொற்களைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

டெமி என்றால் என்ன?

நம் வீட்டு பிரிண்டருக்குத் தெரிந்தது ஏ4 தாள். அதாவது 210 x 297 மில்லிமீட்டர். அச்சகத்தில் புத்தக வேலைக்கு இன்னும் பழைய ஆங்கிலேய அளவுகளின் பெயர்கள்தான் புழக்கத்தில் உள்ளன. டெமி, கிரவுன் என்பவை பெரிய தாள்களின் பெயர்கள். அந்தத் தாளை எட்டாகப் பிரித்தால் வருவது 1/8. தமிழ் நூல்களின் முதல் பக்கங்களில் "நூல் அளவு: டெமி 1 x 8" என்று பார்த்திருப்பீர்களே, அது இதுதான். வெட்டி முடித்த பிறகு டெமி 1/8 புத்தகம் ஏறத்தாழ 5.5 x 8.5 அங்குலம் இருக்கும். கிரவுன் 1/8 இதைவிடச் சிறியது, 5 x 7.5 அங்குலத்தை ஒட்டி வரும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 5.5 அங்குலம் என்பது சுமார் 140 மில்லிமீட்டர். நான் அடித்ததோ 210 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ4 பக்கத்தில். அதை டெமிக்குள் அடக்க வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்காகச் சுருக்க வேண்டும். என் 14 பாயிண்ட் எழுத்து 9 பாயிண்ட் சொச்சமாகிவிட்டது. "டெமியில் போட்டுவிடலாம்" என்று நான் தலையாட்டிய அந்த விநாடியிலேயே தாத்தாவின் நிபந்தனை காற்றில் போய்விட்டது.

எனவே முதல் வேலை, ஒரு வரி டைப் செய்வதற்கு முன்பே அச்சகத்தில் புத்தகத்தின் இறுதி அளவைக் கேட்டு, அதே அளவில் பக்கத்தை அமைப்பது. வேர்டில் லேஅவுட் டேப்பைக் கிளிக் செய்து, சைஸ் பிரிவில் மோர் பேப்பர் சைஸஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கிடைக்கும் விண்டோவில் அகலம் 5.5 அங்குலம், உயரம் 8.5 அங்குலம் என அமையுங்கள். அதே விண்டோவில் மார்ஜின்ஸ் டேப் சென்று, மல்டிபிள் பேஜஸ் என்ற இடத்தில் மிரர் மார்ஜின்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் இடப் பக்கமும் வலப் பக்கமும் புத்தகத்தில் இருப்பது போல எதிரெதிராக அமையும். கட்டர் என்ற கட்டத்தில் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுங்கள். பைண்டிங்கில் மறைந்துபோகும் பகுதி அது. இதை விட்டுவிட்டால் ஒவ்வொரு வரியின் ஒரு முனையும் புத்தகத்தின் மடிப்புக்குள் போய்விடும்.

அளவு சரிதானா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பிடிஎப் பைலை அடோப் ரீடரில் திறந்து, கன்ட்ரோல் கீயுடன் டி கீயை அழுத்துங்கள். கிடைக்கும் விண்டோவில் பேஜ் சைஸ் காட்டப்படும். பிறகு ஒரே ஒரு பக்கத்தை வீட்டு பிரிண்டரில் அச்சிட்டுப் பாருங்கள். பிரிண்ட் விண்டோவில் பிட் என்பதை விட்டுவிட்டு ஆக்சுவல் சைஸ் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வந்த தாளைக் கத்தரிக்கோலால் அளவுக்கு வெட்டி, படிக்கப் போகிறவர் கையில் கொடுங்கள்.

"நல்ல பேப்பர்"

அச்சகத்தில் "நல்ல பேப்பர்" என்று ஒரு சரக்கு கிடையாது. ஆர்ட் பேப்பர் என்பது மேல்பூச்சுப் பூசிய வழவழப்பான தாள். வண்ணப் படங்கள் அதில் பளிச்சென்று விழும். காலண்டர், பிரவுச்சர், புத்தகத்தின் நடுவே வரும் போட்டோ பக்கங்கள் ஆகியவற்றுக்கு இது சரி. மேப்லித்தோ என்பது பூச்சு இல்லாத தாள். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது, பேனாவால் எழுதினால் மை ஒட்டும். வெறும் எழுத்துள்ள புத்தகத்துக்கு இதுதான் ஏற்றது. இதிலேயே லேசான பழுப்பு கலந்த நேச்சுரல் ஷேட் தாளும் உண்டு. வயதானவர்கள் படிக்க எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. நான் "நல்ல" என்றதும், அச்சகத்துக்காரர் விலை கூடிய ஆர்ட் பேப்பரைப் போட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

அடுத்துக் காதில் விழும் சொல் ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை இத்தனை கிராம் என்பது இதன் பொருள். ஏ0 என்ற பெரிய தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். ஏ4 அதில் 16-ல் ஒரு பங்கு. ஆக 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம் இருக்கும். 500 தாள்கள் கொண்ட கட்டு, அதாவது ஒரு ரீம், இரண்டரை கிலோ. வீட்டில் தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள். கடைக்காரர் சொன்ன ஜிஎஸ்எம் உண்மைதானா என்று தெரிந்துவிடும்!

புத்தகத்தின் உள்பக்கத்துக்கு 70 ஜிஎஸ்எம்மை ஒட்டிய மேப்லித்தோ, அட்டைக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. தாள் மெல்லியதாக இருந்தால் பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் தெரியும். மாதிரித் தாளைக் கையில் வாங்கி, ஒரு அச்சிட்ட பக்கத்தின் மேல் வைத்துப் பாருங்கள்.

இடையில் ஒரு சங்கதி. தாத்தாவின் அலமாரியில் உள்ள பழைய நூல்களில் "தாள்: 18.6 கிலோ" என்று போட்டிருக்கும். புத்தகத்தின் எடையோ என்று சின்ன வயதில் நான் குழம்பியதுண்டு. அது ஒரு ரீம் பெரிய தாளின் எடை. 58.5 x 91 சென்டிமீட்டர் தாள் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 500 தாள் 18.6 கிலோ என்பது சரியாக 70 ஜிஎஸ்எம் வருகிறது. இரண்டு முறையும் சொல்வது ஒரே தகவலைத்தான்.

பாரம்

அச்சு மெஷினில் பக்கம் பக்கமாக ஓடாது. பெரிய தாளின் ஒரு புறம் 8 பக்கம், மறுபுறம் 8 பக்கம் என அச்சிட்டு மடித்தால் 16 பக்கங்கள் கிடைக்கும். இதைத்தான் ஒரு பாரம் என்கிறார்கள். என் 64 பக்கம் சரியாக நான்கு பாரம். உங்கள் புத்தகம் 66 பக்கம் வந்தால், அந்த இரண்டு பக்கத்துக்காகத் தனியாகத் தாளும் பிளேட்டும் செலவாகும். எனவே 16-ன் மடங்கில், முடியாவிட்டால் 8-ன் மடங்கில் பக்கங்களை முடிக்கப் பாருங்கள்.

பைண்டிங்குக்கும் இதில் தொடர்பு உண்டு. சென்டர் பின்னிங் என்றால் நடு மடிப்பில் பின் அடிப்பது; பக்கங்கள் 4-ன் மடங்கில் இருந்தே ஆக வேண்டும். மெல்லிய புத்தகத்துக்கு அது போதும். பெர்பெக்ட் பைண்டிங் என்றால் முதுகில் பசை வைத்து அட்டையை ஒட்டுவது. முதுகில் தலைப்பு அச்சிட வேண்டுமென்றால் அதன் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று அச்சகத்திடம் கேட்டுத்தான் அட்டையை டிசைன் செய்ய வேண்டும். நீங்களாக ஊகிக்காதீர்கள்.

ஸ்கிரீன் நிறமும் மை நிறமும்

மானிட்டர் ஒளியால் நிறம் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் கலந்து காட்டும் இந்த முறைக்கு ஆர்ஜிபி என்று பெயர். அச்சகத்தில் ஒளி கிடையாது, மைதான். சயான் என்ற நீலம், மெஜந்தா என்ற ரோஸ், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகள். இதற்கு சிஎம்ஒய்கே என்று பெயர். கடைசி 'கே' கறுப்பைக் குறிக்கும். மானிட்டர் காட்டும் எல்லா நிறங்களையும் இந்த நான்கு மைகளால் கொண்டுவர முடியாது. குறிப்பாகக் கண்ணைப் பறிக்கும் நீலமும் கிளிப்பச்சையும் காகிதத்தில் மங்கிப் போகும். தாத்தா புத்தகத்தின் அட்டையில் எங்கள் ஊர்க் குளத்துக்கு மேலே நான் வைத்த ஆகாய நீலம், மழை வரப்போகிற வானம் மாதிரி வந்தது.

வேர்டில் சிஎம்ஒய்கே முறை கிடையாது. அட்டையை மட்டுமாவது போட்டோஷாப், கோரல் டிரா போன்ற தொகுப்புகளில் செய்வது நல்லது. பணம் கொடுத்து வாங்க வேண்டாம் என்றால் ஸ்கிரைபஸ் என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. டவுன்லோட் செய்து பயன்படுத்தலாம். சிஎம்ஒய்கே நிறங்களைக் கையாளும்.

விலை பேசும்போது 4+0, 4+4, 1+1 என்றெல்லாம் சொல்வார்கள். பயப்பட வேண்டாம். முன்புறம் நான்கு நிறம், பின்புறம் வெறுமை என்றால் 4+0. இரண்டு புறமும் கறுப்பு மட்டும் என்றால் 1+1. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிளேட் தேவை என்பதால், உள்பக்கத்தில் ஒரே ஒரு தலைப்பைச் சிவப்பில் போட ஆசைப்பட்டாலும் அந்தப் பாரத்துக்குக் கூடுதல் பிளேட் செலவு வரும். இன்னொன்று, நான்கு பிளேட்டும் துல்லியமாக ஒன்றன் மேல் ஒன்று பொருந்துவதற்கு ரிஜிஸ்ட்ரேஷன் என்று பெயர். மயிரிழை விலகினாலும் எழுத்துக்கு நிழல் தட்டும். கறுப்பு எழுத்து கறுப்பு மையால் மட்டும் வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

பிளீட் மற்றும் போட்டோ

அட்டைப் படம் தாளின் ஓரம் வரை போக வேண்டுமானால், படத்தை இறுதி அளவுக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீட்டர் நீட்டிவிட வேண்டும். இதுதான் பிளீட். கட்டிங் மெஷின் ஒரு அடுக்கை மொத்தமாக வெட்டுகிறது. அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும், பிளீட் இல்லாத அட்டையின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். இதன் மறுபக்கமும் உண்டு. எழுத்து, கையெழுத்து, முகம் எதுவும் வெட்டும் கோட்டை ஒட்டி இருக்கக்கூடாது.

போட்டோவுக்கு நினைவில் வைக்க வேண்டிய எண் 300. ஒரு அங்குலத்துக்கு 300 பிக்ஸல். பைல் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் விண்டோவில் டீடெய்ல்ஸ் டேப்பைப் பாருங்கள். 1200 x 1800 பிக்ஸல் என்று இருந்தால், 300-ஆல் வகுக்க, 4 x 6 அங்குலம் வரை தெளிவாக அச்சாகும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருக்கப்பட்டுவிடும். டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள். வேர்டும் தன் பங்குக்குப் படங்களைச் சுருக்கும். பைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு எனச் சென்று, இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி பிரிவில் டு நாட் கம்ப்ரஸ் இமேஜஸ் இன் பைல் என்பதில் டிக் அடையாளம் ஏற்படுத்திவிடுங்கள். படங்களைச் சேர்ப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

தமிழ் பாண்ட்

வேர்ட் பைலை அப்படியே கொடுக்காதீர்கள். உங்கள் பாண்ட் அச்சகத்துக் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் வேறு பாண்ட் வந்து உட்கார்ந்து, பக்கங்கள் எல்லாம் நகர்ந்துவிடும். தமிழுக்குக் கூடுதல் தொல்லை ஒன்று இருக்கிறது. நாம் அடிப்பது யூனிகோட். டிடிபி மையங்கள் பலவற்றில் யூனிகோடுக்கு முந்தைய பாண்டுகளில்தான் இன்றும் வேலை நடக்கிறது. உங்கள் எழுத்தை அங்கே ஒட்டினால் கேள்விக்குறிகளாகவோ, கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்தோ வரும். பிடிஎப்பாகக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. முன்பு சொன்ன கன்ட்ரோல்-டி விண்டோவில் பாண்ட்ஸ் டேப்பைத் திறந்து, ஒவ்வொரு பாண்டுக்கும் அருகில் எம்பெடட் என்று இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்செட்டா, டிஜிட்டலா?

ஆப்செட்டில் பிளேட் தயாரித்து, அதிலிருந்து ரப்பர் உருளைக்கு மையை மாற்றி, அங்கிருந்து தாளில் பதிக்கிறார்கள். டிஜிட்டலில் பிளேட்டே கிடையாது. நம் லேசர் பிரிண்டரின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். எது லாபம் என்பது பிரதிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு கணக்குக்காக, ஆப்செட்டில் ஆரம்பச் செலவு 4000 ரூபாய், பிறகு பிரதிக்கு 20 ரூபாய் எனக் கொள்வோம். டிஜிட்டலில் ஆரம்பச் செலவு இல்லை, பிரதிக்கு 45 ரூபாய். 160 பிரதி வரை டிஜிட்டல் மலிவு, அதற்கு மேல் ஆப்செட். இந்த ரூபாய்கள் நான் போட்ட உதாரணம்தான். உங்கள் ஊர் விலையை வாங்கி இதே போலப் போட்டுப் பாருங்கள்.

புரூப்

நான் கோட்டை விட்ட இடத்துக்கு வந்துவிட்டோம். புரூப் என்பது பிழை திருத்தம் மட்டுமல்ல. நீங்கள் ஓகே சொன்னால், "இதற்கு மேல் வரும் செலவு என்னுடையது" என்று பொருள். பிளேட் போன பிறகு ஒரு கால் எழுத்தை மாற்றினாலும் புதிய பிளேட்தான். போன் ஸ்கிரீனில் எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கலாம். எழுத்தின் அளவு தெரியாது. விரலால் பெரிதாக்கினால் 9 பாயிண்டும் ஒன்றுதான், 14 பாயிண்டும் ஒன்றுதான். ஆகவே அதே தாளில், அதே அளவில் அச்சிட்டு வெட்டிய புரூப் வேண்டும் என்று கேளுங்கள். அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

விழாவில் 300 பிரதிகளையும் கொடுத்தோம். வேறு வழி? "எழுத்து கொஞ்சம் மெலிஞ்சு போச்சு" என்று ஒவ்வொருவரிடமும் தாத்தா தானே முந்திக்கொண்டு சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவருடைய நண்பர் ஒருவர், பேரனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பதாகப் பிறகு போன் செய்தார்.

மூன்று மாதம் கழித்து அதே அச்சகத்துக்குப் போனேன். இந்த முறை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: "டெமி 1/8, வெட்டிய பின் 5.5 x 8.5 அங்குலம். உள்தாள் 70 ஜிஎஸ்எம் நேச்சுரல் ஷேட் மேப்லித்தோ, 1+1. அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, 4+0, மேட் லேமினேஷன். பெர்பெக்ட் பைண்டிங். 150 பிரதிகள், டிஜிட்டல். அச்சிட்ட புரூப் பார்த்த பிறகே வேலை தொடங்க வேண்டும். வரி சேர்த்து விலை சொல்லவும்." இதே தாளைப் பிரதி எடுத்து இன்னும் இரண்டு அச்சகங்களிலும் கொடுத்தேன். மூன்று விலைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட முடிந்தது. "நல்ல பேப்பர்" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்குமா?

டெமி அளவில் நிஜமான 14 பாயிண்ட் வைத்ததும், 64 பக்கம் 132 ஆகிவிட்டது. செலவு நான் நினைத்ததைவிட அதிகம். 12 பாயிண்டாகக் குறைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். தாத்தா பதிலே சொல்லவில்லை. இரண்டு வெற்றுப் பக்கங்களையும் என் போட்டோவையும் எடுத்து, இன்னும் சில இடங்களை நெருக்கி 128-க்குக் கொண்டுவந்தேன்.

புரூப்பைத் தாத்தா கையிலேயே கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் வைத்திருந்து, சிவப்புப் பேனாவால் 23 திருத்தங்கள் போட்டுக் கொடுத்தார். 22-ஐத் திருத்திவிட்டேன். கடைசிப் பக்கத்தில் நான் எழுதிய நன்றியுரையில் "கம்ப்யூட்டர்" என்று இருந்ததைக் "கணினி" என மாற்றியிருந்தார். அது பிழையா இல்லையா என்பதில் எங்களுக்குள் இன்னும் பேச்சுவார்த்தை முடியவில்லை.